மல்லித் தோட்டத்து வெள்ளை அந்து: ஐந்து படங்களும் ஒரு டப்பா மொட்டும்

திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் இடையில் ஒரு குண்டுமல்லித் தோட்டம். ஆவணி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்த வாரம். பறித்த மொட்டில் ஊதா ஏறியவை வழக்கத்தைவிடக் கூடுதல். சில கொத்துகளில் மொட்டுகள் நூலால் ஒட்டிக் கிடந்தன. அன்று இரவு பம்ப்செட் அறை விளக்கடியிலும் மறுநாள் செடியிலுமாகக் கைப்பேசியில் எடுத்த ஐந்து படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, இதுதான மொட்டுப்புழுவோட தாயி? மருந்து அடிச்சிரலாமா?"

ஊரும் பெயரும் இங்கே வேண்டாம். மதுரையைச் சுற்றி மல்லி போட்ட ஊர்களில் இதே படங்கள், இதே கேள்வியோடு, திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐந்தில் ஒரு படத்தைக்கூட, மல்லி மொட்டைத் துளைத்துத் தின்னும் மொட்டுப்புழுவின் தாய் அந்து என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்று பக்கத்துப் பாகற்பந்தலிலிருந்து வந்தது. ஒன்று மல்லி இலையைத் தின்னும் வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஒன்று வரிசைகளில் படர்ந்திருந்த சாரணைக் களையின் பூச்சி. ஒன்று படமே சரியில்லை. மற்றொன்றைப் படத்தை வைத்து யாராலும் சிற்றினம் வரை சொல்ல முடியாது.

இதில் கைக்காசும் சிக்கியிருக்கிறது. மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ. மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போகும் மூட்டையில் ஊதா மொட்டு கலந்திருந்தால் விலை இறங்கும். அந்தப் பதற்றத்தில், விளக்கடியில் பறந்த பாகற்பூச்சியை நம்பி மல்லிக்கு பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தால், இலைச்சாறு உறிஞ்சும் சிலந்திப்பேனைத் தின்று கட்டுக்குள் வைத்திருக்கும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும். பிறகு இலை வெளுத்து, சிலந்திப்பேனுக்குத் தனியாக ஒரு மருந்து வாங்க வேண்டியிருக்கும்.

எந்த விளிம்பு எது

படங்களுக்குப் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ஃபோனில் பேசி அடையாளம் காணும்போது பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது. முன்சிறகுக்கு மூன்று விளிம்புகள். பறக்கும்போது காற்றை வெட்டிக்கொண்டு முன்னால் போவது முன்விளிம்பு. சிறகின் நுனியிலிருந்து கீழே இறங்குவது வெளிவிளிம்பு. உடலை ஒட்டிக் கிடப்பது உள்விளிம்பு. அந்து சிறகைத் தட்டையாக விரித்து முக்கோணமாக உட்கார்ந்திருக்கும்போது, பார்ப்பவர் கண்ணுக்கு வலமும் இடமும் சரிந்து தெரியும் பக்கம்தான் முன்விளிம்பு. வால் பக்கமாகக் கீழே தெரிவது வெளிவிளிம்பு. "ஓரத்துல பழுப்புக் கோடு இருக்கு" என்று சொன்னால் போதாது. எந்த ஓரம் என்று கேட்டாக வேண்டும்.

இன்னொன்று. அந்துக்கு இறகு போன்ற உணர்கொம்பு, பட்டாம்பூச்சிக்குக் குமிழ் முனை என்று பள்ளியில் படித்த விதி இங்கே பாதிதான் உதவும். குமிழ் இல்லை என்பது சரி. ஆனால் மல்லியில் வரும் இந்தச் சின்ன அந்துகள் பெரும்பாலும் கிராம்பிடே குடும்பத்தவை. அவற்றின் உணர்கொம்பு வெறும் நூல்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்படியே. இறகைத் தேடினால் கிடைக்காது.

படம் 1: விளக்கடிச் சுவரில் வெள்ளை அந்து

ஐந்தில் மிகத் தெளிவான படம் இதுதான், அதிகம் ஏமாற்றியதும் இதுதான். முத்துச்சிப்பியின் உட்புறம்போல் மினுங்கும் வெள்ளை. அந்த வெள்ளையைச் சுற்றி அகலமான கரும்பழுப்புக் கரை. கரை முன்விளிம்போடு நிற்கவில்லை. சிறகு நுனியில் திரும்பி வெளிவிளிம்பு நெடுகக் கீழே இறங்கி, பின்சிறகின் வெளிவிளிம்பிலும் தொடர்கிறது. சேலைக் கணக்கில் சொன்னால், கரை மட்டுமல்ல, முந்தானையும் சேர்ந்த கரை.

உறுதி தருவது வால். படத்தை இரு விரலால் பெரிதாக்கிப் பார்த்தால், வயிற்றின் கடைசிக் கணுக்கள் கறுத்து, நுனியில் மயிர்க்கற்றை ஒன்று சாமரம்போல் விரிந்து நிற்கிறது. வயிறு மேல்நோக்கித் தூக்கியிருக்கிறது. பெண் அந்து ஆணை அழைக்கும்போது இப்படித்தான் கற்றையை விரித்து வாசனை விடும். உயிரோடு பார்த்தவர்களுக்கு அந்தக் கற்றை மெதுவாகச் சுழல்வதும் தெரிந்திருக்கும்.

அகலக் கரை, கறுத்த வால்நுனி, சாமரக் கற்றை மூன்றும் சேர்ந்தால் டயஃபானியா இண்டிகா. சிறகை விரித்தால் 25 முதல் 30 மி.மீ. இருக்கும். இதன் புழு பச்சை, முதுகில் நீளவாக்கில் இரண்டு வெள்ளைக் கோடுகள். பாகல், புடல், வெள்ளரி, பூசணி வகைகளின் இலையைச் சுருட்டித் தின்னும். பிஞ்சுக் காயின் தோலையும் சுரண்டும். மல்லி மொட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. படம் எடுத்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பாகற்பந்தல் இருந்தது.

இதை மல்லிப் பூச்சியாக நினைப்பதற்கு ஏட்டிலும் ஒரு காரணம் இருக்கிறது. பழைய வேளாண் ஏடுகளில் இந்த அந்து மார்கரோனியா இண்டிகா என்றும், கிளைஃபோட்ஸ் இண்டிகா என்றும் இருக்கும். மல்லி இலையைத் தின்னும் இன்னொரு வெள்ளை அந்துவும் அதே ஏடுகளில் மார்கரோனியா, கிளைஃபோட்ஸ் என்ற அதே பேரினப் பெயர்களின் கீழ் வரும். பழைய பட்டியலில் பேரினத்தை மட்டும் பார்த்துவிட்டு "மார்கரோனியா மல்லிப் பூச்சி" என்று முடிவு கட்டினால் பாகற்பூச்சி மல்லித் தோட்டத்துக்குள் வந்துவிடும்.

விளக்குக்கு வந்த அந்து எந்தச் செடிக்கும் சாட்சி ஆகாது. சுற்றிலும் உள்ள நெல், பந்தல், களை எல்லாவற்றிலிருந்தும் அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். அந்துவை அடையாளம் காண விளக்குப் படம் பயன்படும். செடியை அடையாளம் காண அது பயன்படாது.

படம் 2: மல்லி இலையின் அடியில்

இதுவும் வெள்ளை. இதுவும் மினுக்கம். அளவும் கிட்டத்தட்ட முதல் படத்து அந்துதான். ஆனால் கரை முன்விளிம்பில் மட்டும், காவி கலந்த பழுப்பில், நூல்போல் ஓடுகிறது. வெளிவிளிம்பில் அகலப் பட்டை இல்லை. வாலில் சாமரமும் இல்லை. சிறகின் நடுவில் ஊசிமுனைபோல் ஓரிரு கரும்புள்ளிகள். சிறகு கண்ணாடிபோல் பாதி ஊடுருவித் தெரிவதால் அடியில் இருக்கும் இலைநரம்பும் படத்தில் விழுந்திருக்கிறது.

அந்த ஊடுருவல் படத்தில் பல வேலை காட்டும். பச்சை இலைமேல் எடுத்தால் அந்து இளம்பச்சையாகத் தெரியும்; கறுப்புக் குழாய்மேல் எடுத்தால் சாம்பலாகத் தெரியும்; ஃபிளாஷ் பட்டால் ஊதாவும் ரோஸும் அடிக்கும். ஒரே அந்துவின் மூன்று படங்களை மூன்று பூச்சிகள் என்று அனுப்பியவர்கள் உண்டு. பால்நிற ஊடுருவும் சிறகில் நிறத்தை நம்பக் கூடாது. கரை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

இது பால்பிட்டா பேரினம். மல்லி, ஆலிவ் முதலான ஒரே குடும்பத்துச் செடிகளின் இலையை இந்தப் பேரினத்துப் புழுக்கள் தின்கின்றன. ஆக, அந்து செடிக்கு உரியதுதான். ஆனால் தின்பது முக்கியமாக இலையை. மொட்டு ஊதாவாவதற்கு இதன்மேல் பழி போட ஆதாரம் இல்லை.

சிற்றினம் என்ன? படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பால்பிட்டாவில் ஒன்றையொன்று அச்சாக ஒத்த இனங்கள் பல. அவற்றைப் பிரிக்க வயிற்று நுனியைக் காரக் கரைசலில் (ஆல்கலி) ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கைப்பேசிப் படத்துக்கு "பால்பிட்டா விட்ரியாலிஸ்" என்று முழுப்பெயர் எழுதித் தருபவர் பெரும்பாலும், படத்தைப் பார்த்துப் பூச்சியின் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலி சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார். பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது குறையல்ல. இந்தியாவில் பதிவான அந்து இனங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றில் கணிசமானவை படத்தில் பேரினம் வரைதான் வரும்.

படம் 3: களையிலிருந்து பறந்த பழுப்பு அந்து

பகலில் வரிசைக்கு நடுவே நடக்கும்போது காலடியில் எழும்பி, இரண்டு எட்டு தள்ளி மறுபடி இலைக்கடியில் ஒளிந்த அந்து. கரும்பழுப்புச் சிறகு, நடுவில் வெள்ளைப் பட்டை. அனுப்பியவரின் குறிப்பு: "இலைப்பிணைப்புப் புழு."

மல்லியின் இலைப்பிணைப்புப் புழுவான நாசினோ ஜியோமெட்ராலிஸ் அந்துவும் பழுப்பில் வெள்ளை கொண்டதுதான். ஆனால் அதன் வெள்ளை சிதறியது: கண்ணாடிச் சில்லு பதித்ததுபோல் பல புள்ளிகளும் துண்டுகளும் இரண்டு சிறகுகளிலும் பரவியிருக்கும். இந்தப் படத்தில் வெள்ளை ஒரே பட்டை. முன்சிறகின் நடுப்பட்டையும் பின்சிறகின் பட்டையும் உட்காரும்போது ஒரே கோடாக இணைகின்றன. முன்சிறகின் நுனிப்பக்கம் இன்னொரு குட்டைப் பட்டை, முன்விளிம்பிலிருந்து தொடங்கி பாதியில் நிற்கிறது. சிறகு விரிவு 2 செ.மீ. சுற்றி. இது ஸ்போலாடியா ரிகர்வாலிஸ். கீரைகளும் சாரணையும் இதன் புழுவுக்குச் சாப்பாடு. அந்த வரிசைகளில் மல்லிக்குச் சமமாகச் சாரணை படர்ந்திருந்தது. களை எடுத்து வாரங்கள் ஆகியிருக்க வேண்டும்.

படம் 4: வெளுத்துப்போன படம்

சிறிய அந்து. முதல் இரண்டு படங்களில் இருப்பவற்றைவிடச் சிறியது என்பது செங்கல்லின் சொரசொரப்போடு ஒப்பிட்டால் தெரிகிறது. ஃபிளாஷ் போட்டு ஒரு சாண் தூரத்தில் எடுத்திருக்கிறார்கள். சிறகு முழுவதும் வெள்ளைக் காகிதம்போல் எரிந்து, ஓரிடத்தில் மட்டும் மங்கலாக ஒரு வளைகோட்டின் சாயல்.

தேடிய அந்து இதுவாகவே இருக்கலாம் என்பதுதான் வருத்தம். மொட்டுப்புழுவின் பெயர் ஹெண்டெகாசிஸ் டூப்ளிஃபேசியாலிஸ். நீலகிரியில் தேயிலை பயிரிட்டு, பின்னர் லண்டனில் அந்துகளை வகைப்படுத்துவதில் பேர்பெற்ற ஹாம்ப்சன் 1891இல் பெயரிட்டது. பெயரின் இரண்டாம் பாதிக்கு "இரட்டைப் பட்டை கொண்டது" என்று பொருள். சிறிய வெள்ளை அந்து. சிறகில் கருமையான அலைக்கோடுகள். டயஃபானியாவின் அகலக் கரையும் பால்பிட்டாவின் முன்விளிம்புக் கரையும் இதில் இல்லை. அடையாளம் முழுக்க அந்த மெல்லிய கோடுகளில்தான் இருக்கிறது. அதைத்தான் ஃபிளாஷ் அழித்துவிட்டது.

வெள்ளை அந்துவைப் படம் எடுக்கும்போது இதுவே முதல் எதிரி. கைப்பேசி தானாக வெளிச்சம் கணிக்கும்போது இருட்டுச் சுவரையும் சேர்த்துக் கணக்கிடும். நடுவில் இருக்கும் வெள்ளைப் பொட்டு எரிந்துபோகும். திரையில் அந்துவின் வெள்ளைப் பகுதியை விரலால் தொட்டு, அங்கேயே அழுத்திப் பிடித்து நிலைப்படுத்தி, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுக்க வேண்டும். படம் கொஞ்சம் இருட்டாக வந்தால் பரவாயில்லை. இருட்டிலிருந்து கோட்டை மீட்கலாம். எரிந்த வெள்ளையிலிருந்து எதையும் மீட்க முடியாது.

இதே படத்தைச் செயலியில் போட்டுப் பார்த்தபோது பாகற்பூச்சி என்றே முதலில் காட்டியது. காரணம் எளிது. இதுவரை மக்கள் ஏற்றிய படங்களிலிருந்துதான் செயலி கற்கிறது. பெரிய, அழகான, விளக்குக்கு வரும் டயஃபானியாவுக்குப் படங்கள் ஏராளம். மொட்டுக்குள் வளரும் சின்ன அந்துவை யார் தேடிப் படம் எடுக்கிறார்கள்? வெள்ளையாக எதைக் கொடுத்தாலும் செயலி தனக்குத் தெரிந்த வெள்ளையைச் சொல்லும்.

படம் 5: சாம்பல் அந்து

ஒடுங்கிய சாம்பல் சிறகைக் குழல்போல் உடலில் சுற்றிக்கொண்டு, தலையைத் தூக்கி, தண்டில் ஒட்டி உட்கார்ந்த அந்து. அந்த உட்காரும் விதத்திலேயே ஃபைசிட்டினே துணைக்குடும்பம் என்று சொல்லிவிடலாம். மேற்கொண்டு போக முடியாது. மல்லியில் நுனித்தளிரையும் பூங்கொத்தையும் நூலால் பின்னி, எச்சம் ஒட்டிய பட்டுக்குழாய்க்குள் இருந்து தின்னும் எலாஸ்மோபால்பஸ் ஜாஸ்மினோஃபேகஸ் இந்தத் துணைக்குடும்பம்தான். ஆனால் அச்சாக இதுபோலவே இருக்கும் சாம்பல் அந்துகள் எத்தனையோ. இந்த விஷயத்தில் அந்துவைவிடப் புழு நல்ல சாட்சி: பச்சை உடல், பக்கவாட்டில் செம்பழுப்புக் கோடுகள், சுற்றிலும் எச்சக் குழாய். அதைப் படம் எடுத்தால் போதும்.

மொட்டைப் பிரித்துப் பார்த்தது

ஐந்து படங்களும் பதில் தரவில்லை என்றால் பதில் எங்கே இருக்கிறது? மொட்டுக்குள். இதை முதலிலேயே செய்திருந்தால் ஐந்து படமும் தேவைப்பட்டிருக்காது.

முறை இது. தோட்டத்தில் நான்கு மூலை, ஒரு நடு என்று ஐந்து இடம், இடத்துக்குப் பத்து ஊதா மொட்டு, மொத்தம் ஐம்பது. பொறுக்கும்போதே தேர்ந்தெடுக்கக் கூடாது. கைக்கு வந்த ஊதா மொட்டை எடுக்க வேண்டும். வெள்ளைத் தட்டில் பரப்பி, சேஃப்டி பின்னைக் கொண்டு ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து பார்க்க வேண்டும்.

மொட்டு இரண்டு வகையாகப் பிரிந்தது. ஒரு வகையில் பக்கவாட்டில் வட்டமான துளை. சில மொட்டுகள் நூலால் பக்கத்து மொட்டோடு ஒட்டியிருந்தன. உள்ளே இதழ்கள் தின்னப்பட்டு அடிக்குழல் மட்டும் மிச்சம். கூடவே ஈரமான எச்ச உருண்டைகள். புழு இருந்த மொட்டில் அது பச்சை கலந்த உடலும் கறுப்புத் தலையுமாக, தொட்டவுடன் பின்னோக்கி நெளிந்தது. இது மொட்டுப்புழு.

மற்ற வகையில் துளையே இல்லை. மொட்டு வழக்கத்தைவிடக் குட்டையாக, அடிப்பக்கம் உப்பி, ஊதா நிறம் அடியிலிருந்து ஏறியிருந்தது. பிளந்தால் தலையும் காலும் இல்லாத, வெள்ளையும் இளமஞ்சளுமான நுண்புழுக்கள் ஒரே மொட்டில் பல. தட்டில் விட்டால் சில உடலை வளைத்துத் துள்ளின. இது அந்துவே இல்லை. கான்டரீனியா மாக்குலிபென்னிஸ் என்ற மொட்டு ஈ. கொசுவைவிடச் சிறிய ஈ. விளக்கடிப் படத்தில் யார் கண்ணிலும் படாது.

ஊதாவுக்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு. இது மருந்துக் கடையில் நிற்கும்போதுதான் உறைக்கும். புழுவுக்காக வாங்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா மருந்து அந்துப்புழுவின் குடலில் வேலை செய்யும். ஈயின் புழுவுக்கு அந்த வகை உதவாது. மொட்டு ஈயின் புழு முதிர்ந்ததும் மண்ணில் விழுந்து அங்கேதான் கூட்டுப்புழுவாகிறது. அதனால் செடியின் மேல் எவ்வளவு அடித்தாலும் அடிமண்ணைக் கிளறாமலும், உதிர்ந்த ஊதா மொட்டைப் பொறுக்கி அழிக்காமலும் அது குறையாது.

டப்பாவில் வளர்த்தது

மொட்டுக்குள் இருந்த புழு மொட்டுப்புழுதான் என்பதைப் புழுவை வைத்தே ஏறக்குறைய சொல்லலாம். ஆனால் பெயரை உறுதி செய்ய வேண்டுமென்றால் அந்து வெளிவர வேண்டும்.

ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா இரண்டு. அடியில் மூன்று விரற்கடை மண். மண்ணைச் சல்லடையில் சலித்து, வாணலியில் வறுத்து, ஆறவைத்துப் போட வேண்டும்; இல்லாவிட்டால் எறும்பு முட்டையோ வேறு பூச்சியின் கூட்டுப்புழுவோ உள்ளே வந்து, பிறகு எது எதிலிருந்து வந்தது என்று தெரியாது. ஈரப்பதம் கைப்பிடியில் அழுத்தினால் உருண்டை நிற்கும் அளவு. விரலிடுக்கில் நீர் கசிந்தால் அதிகம். துளையுள்ள மொட்டு ஒரு டப்பாவுக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். வாயில் மல் துணி, மேலே ரப்பர் பேண்டு. டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தால் எறும்பு ஏறாது.

மருந்து அடிக்காத செடியின் புது மொட்டைத் தினமும் போட வேண்டும். பழையதைப் பிரித்துப் பார்த்துவிட்டே எறிய வேண்டும். மழை வாரத்தில் அதிகம் கெடுவது பூஞ்சணத்தால். துணியின் அடிப்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. அரை நாள் துணியைத் தளர்த்திவிட வேண்டும். இரண்டாவது ஏமாற்றம் ஒட்டுண்ணி: அந்துக்குப் பதிலாகச் சின்னக் குளவி ஒன்று வெளிவரும். அதைத் தோல்வி என்று தூக்கிப் போட வேண்டாம். அதையும் படம் எடுத்து வைக்கலாம், தோட்டத்துக்கு அது நல்ல செய்தி.

அந்து வெளிவந்த உடனே படம் எடுக்கக் கூடாது. சிறகு சுருங்கி ஈரமாக இருக்கும். கோடுகள் நெருங்கித் தெரியும். சில மணி நேரம் விட்டு, சிறகு விரிந்து காய்ந்த பிறகு எடுக்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் டப்பாச் சுவரில் அடித்து அடித்துச் செதில் உதிரும். அந்துவின் நிறமும் கோடும் முழுக்கச் செதில்தான். விரலால் சிறகைப் பிடித்தால் விரலில் ஒட்டும் மாவு, அடையாளத்தின் ஒரு துண்டு.

மறுபடி எடுத்த படம்

அந்துவைச் சின்ன மூடி போட்ட டப்பாவில் தள்ளி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 10 முதல் 15 நிமிடம். மேலே உள்ள ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும். வெளியே எடுத்ததும் டப்பாவின் உட்புறம் ஈரம் கோத்திருக்கும். அந்தத் துளி பட்டால் சிறகு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே உலர்ந்த அட்டைக்கு உடனே மாற்ற வேண்டும். மின்விசிறி நிறுத்தியிருக்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் அந்து சிறகை நடுக்கத் தொடங்கும். அது பறக்கப்போகிறது என்று அர்த்தம். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

அட்டை வெள்ளையாக இருக்கக் கூடாது. வெள்ளை அந்துக்குச் சாம்பல் அட்டைதான் சரி. கறுப்பு என்றால் கேமரா மறுபடி வெள்ளையை எரித்துவிடும். காலை ஒன்பது மணி ஜன்னல் வெளிச்சம், நேர் வெயில் இல்லாத பக்கம். ஃபிளாஷ் வேண்டாம். கைப்பேசியை மிக நெருங்காமல் 10-12 செ.மீ. தள்ளி வைத்து இரண்டு மடங்கு ஜூம் போடுவது நல்லது. மிக நெருங்கினால் சில கைப்பேசிகள் தானாக அகலக் கேமராவுக்கு மாறி, சிறகு நுனியை இழுத்துக் காட்டும்.

நேர்மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, முடிந்தால் கண்ணாடித் தட்டில் வைத்து அடியிலிருந்து ஒன்று. மேலிருந்து எடுக்கும்போது கைப்பேசி அட்டைக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால் ஒரு சிறகு மட்டுமே தெளிவாக வரும். பக்கவாட்டுப் படம் எதற்கு என்று கேட்பார்கள். முகத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டுணரி மேல்நோக்கி வளைந்ததா, அலகுபோல் நேராக நீண்டதா என்பது அதில்தான் தெரியும். நெல் தண்டுத் துளைப்பானின் அந்துவை மல்லி அந்துகளிலிருந்து ஒரே பார்வையில் ஒதுக்க அந்த அலகு போதும்.

அளவுக்கு நாணயம் வைப்பது வழக்கம். அதிலும் ஒரு சிக்கல்: ஒரு ரூபாய் நாணயம் பழைய அச்சுக்கும் புது அச்சுக்கும் அளவு மாறும். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ.; அதை வைக்கலாம். அதைவிட ஒரு மி.மீ. கட்டம் போட்ட கிராஃப் தாளின் துண்டு நல்லது. அளக்க வேண்டியது சிறகு விரிவை அல்ல. உட்காரும் விதத்தைப் பொறுத்து விரிவு மாறும். முன்சிறகின் அடியிலிருந்து நுனி வரை உள்ள நீளமே மாறாத அளவு.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, மெல்லிய கோடுகள் மெழுகிவிடும். எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்களும் அழிந்துவிடும்.

டப்பாவில் பிறந்த அந்து சிறியது, வெள்ளை, சிறகில் கரும் அலைக்கோடுகள், அகலக் கரை இல்லை, வாலில் சாமரம் இல்லை. மொட்டுக்குள்ளிருந்து வந்தது என்ற சாட்சியும் சேர்ந்ததால் ஹெண்டெகாசிஸ் டூப்ளிஃபேசியாலிஸ் என்று எழுதத் தடை இல்லை. நான்காம் படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்த மங்கல் வளைகோடு பொருந்துவதுபோலத்தான் தெரிந்தது. ஆனாலும் நான்காம் படத்தின் பெயரை மாற்றவில்லை. பதிலைத் தெரிந்துகொண்டு பார்த்தால் மங்கலில் எதுவும் தெரியும்.

கேள்விக்குப் போன பதில் இப்படி இருந்தது: "தம்பி, விளக்குல வந்த வெள்ளை, பாகல் பூச்சி. அதுக்காக மல்லிக்கு அடிக்காதீங்க. மொட்டைப் பிளந்து பாத்ததுல புழுவும் இருக்கு, மொட்டு ஈயும் இருக்கு. முதல்ல உதிர்ந்த ஊதா மொட்டைப் பூராம் பொறுக்கி எரிங்க. சாரணையைப் பிடுங்கிட்டு தூர் மண்ணைக் கொத்தி விடுங்க. அடிக்கணும்னா வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம், 100 லிட்டர் தண்ணிக்கு 5 கிலோ பருப்பு, சாயங்காலமா. வாரம் ஒருக்கா ஐம்பது மொட்டு பிளந்து எண்ணி அனுப்புங்க."

படங்களுக்குப் போட்ட குறிப்பு:

படம் 1: டயஃபானியா இண்டிகா. பெண். விளக்கு. செடி தெரியாது.

படம் 2: பால்பிட்டா பேரினம், சிற்றினம் பிரிக்கவில்லை. குண்டுமல்லி இலையடி.

படம் 3: ஸ்போலாடியா ரிகர்வாலிஸ். பகல், சாரணை மேல்.

படம் 4: சிறிய வெள்ளை அந்து. படத்தில் கோடு எரிந்துள்ளது, பெயர் இல்லை.

படம் 5: ஃபைசிட்டினே துணைக்குடும்பம். குண்டுமல்லித் தண்டு. புழு பார்க்கவில்லை.

டப்பா 1: ஹெண்டெகாசிஸ் டூப்ளிஃபேசியாலிஸ். துளையுள்ள குண்டுமல்லி மொட்டில் இருந்த புழுவிலிருந்து வளர்த்தது.

டப்பா 2: அந்து வரவில்லை. பூஞ்சணம்.